நானூற்றுப் பத்து கிரெய்ன்

ஸ்டெர்லிங்
ஏப்ரல் 6, 1987

அன்புள்ள அண்ணன் ஓரினுக்கு,

ராய்ஸ் எழுதுவது. இங்கே நானும் ஆர்டிஸும் சுகம். உன் சுகமும் அண்ணி வெல்மாவின் சுகமும் அறிய ஆவல். உன் முதுகு இந்தக் குளிர்காலத்தை எப்படித் தாங்கியது? இன்னும் பனி வழிக்கும் வண்டியில்தான் ஏறி இறங்குகிறாயா, இல்லை சாலை இலாகாக்காரர்கள் உன்னைக் கொஞ்சம் உட்கார விட்டார்களா? இங்கே கோதுமை பச்சை பிடித்துவிட்டது. காற்றுதான் ஓயவில்லை.

ஒரு விஷயம். செப்டம்பர் எல்க் மான் வேட்டைக்கு இந்த வருடம் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் திணித்துச் சுடுகிற பழைய மாதிரித் துப்பாக்கிக்கென்று விடுகிற அந்த ஒன்பது நாளுக்கு. உன் பக்கத்து மலைக்குத்தான். ஒன்பது வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். ஏனென்று உனக்குத் தெரியும். குலுக்கலில் பெயர் வந்தால் உன் கூடாரத்தில் எனக்கு இடம் உண்டா?

உண்டென்றால் ஒரு யோசனையும் கேட்கிறேன். என்னிடம் இருப்பது அதே ஐம்பது காலிபர், அரை அங்குலக் குழல் துப்பாக்கி. நூற்றெண்பது கிரெய்ன் எடையுள்ள ஈய உருண்டை, பின்னால் எழுபது கிரெய்ன் கருமருந்து. நாற்பது கஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கிற மிருகத்துக்கு, எலும்பைத் தொடாமல் விலாவுக்குள் விட்டால் இது போதும் என்பது என் எண்ணம். போன தடவை நடந்தது குண்டின் குற்றமில்லை. தோளைக் குறிவைத்த என் குற்றம். நீ என்ன சொல்கிறாய்?

பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன். பட்டறையில் வேலை. ஒரு மாறுதலுக்குத்தான்.

பதிலுக்குக் காத்திருக்கும்
ராய்ஸ்


மீக்கர்
ஏப்ரல் 19, 1987

தம்பி ராய்ஸுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சமாதானமாகிவிட்டன. போன வாரம்கூட மேல் கணவாயில் முழங்கால் பனி. ஆர்டிஸை விசாரித்ததாகச் சொல். வெல்மா உங்களுக்கென்று காட்டுச் செர்ரி ஜாம் நான்கு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறாள்.

கூடாரத்தில் இடம் கேட்டு எழுதுகிற அளவுக்கு நீ எப்போது அந்நியனானாய்? வா. உனக்கென்று கட்டில் போட்டுவைக்கிறேன்.

ஆனால் அந்த உருண்டையைக் கொண்டுவராதே. எழுபத்தெட்டில் நடந்ததை நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். இரண்டு நாள் ரத்தத்துளியைத் தேடி மண்டியிட்டு நடந்தவன் நான். உன் குண்டு தோள் எலும்பில் போய் அப்பம் மாதிரி தட்டையாகி நின்றுவிட்டது. எட்டாம் நாள் காக்கை சுற்றுகிற இடத்தைப் பார்த்துப் போய்த்தான் அந்தக் காளை எல்க்கைக் கண்டுபிடித்தோம். எண்ணூறு ராத்தல் மிருகம், ஒரு வாய்க்கு உதவவில்லை. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

நீ விண்ணப்பம் போட்ட செய்தியைக் காபிக் கடையில் சொன்னேன். ஃபெர்ரல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உன் தம்பி இந்தத் தடவையும் பட்டாணிதான் எறியப் போறானா?" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

என்னிடம் நானூற்றுப் பத்து கிரெய்ன் நீளக் குண்டுக்கு வார்ப்பு அச்சு இருக்கிறது. விரல் கணு அளவு நீளம், எடை ஒரு அவுன்ஸுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதற்குப் பின்னால் தொண்ணூறு கிரெய்ன் மருந்து. அது எலும்பைப் பார்த்து நிற்காது. எல்க் உனக்குப் பக்கவாட்டில் நின்று போட்டோவுக்கா போஸ் கொடுக்கும்? நேராக வரும், முதுகைக் காட்டிப் போகும், புதருக்குள் பாதி தெரியும். எதற்கும் தயாராக இருக்கிறவன்தான் வேட்டைக்காரன், பட்டாணி.

அண்ணன்
ஓரின்


ஸ்டெர்லிங்
மே 17, 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதம். பட்டறையில் வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன், அதுவும் முழு உண்மையில்லை. ஜாமுக்கு ஆர்டிஸ் நன்றி சொல்லச் சொன்னாள்.

நீ சொன்னதையெல்லாம் யோசித்தேன். நீளக் குண்டு ஆழமாகப் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துப்பாக்கியில் தோளில் பதிகிற பின்கட்டை முனை பித்தளை, பிறை மாதிரி வளைந்தது. நானூற்றுப் பத்தும் தொண்ணூறும் போட்டால் கழுதை உதைக்கிற மாதிரி உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனின் கனத்த குண்டைவிட, நிதானமாகச் சுடுகிறவனின் லேசான குண்டு மேல் இல்லையா?

இரண்டுக்கும் நடுவில் ஏதாவது உண்டா? இருநூற்றைம்பது கிரெய்னில் ஒரு குட்டை நீளக் குண்டு இருப்பதாகப் படித்தேன். அறுபது கிரெய்ன் மருந்தோடு அது போதாதா? கிடைக்காவிட்டால் உருண்டையே இருக்கட்டும். நல்ல வாட்டம் கிடைக்கும்வரை சுடமாட்டேன். கிடைக்காவிட்டால் சுடாமலே திரும்பிவிடுவேன். அப்படித் திரும்புவதில் எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்று. அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியுமா அண்ணா? ஆர்டிஸின் தங்கை கல்யாணத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னாய். ஒன்பது வருடம் ஆகிறது.

வெயில் இந்த வருடம் ரொம்பக் கூசுகிறது. தொப்பியில்லாமல் வெளியே போவதில்லை.

தம்பி
ராய்ஸ்


மீக்கர்
ஜூன் 2, 1987

தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம். ஆறு கரை புரண்டு ஓடுகிறது. நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும் என்று வெல்மா ஞாயிறுதோறும் கோயிலில் சொல்லிக்கொள்கிறாள்.

போன வாரம் ஆர்டிஸ் வெல்மாவுக்கு ஏதோ எழுதியிருந்தாள். ஓரகத்திகள் சமாச்சாரம், நான் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் நீதான் சொல்ல வேண்டும். இன்னொருவர் வாயிலிருந்து கேட்கிற பழக்கம் எனக்கில்லை. இருக்கிறதா?

நடுவில் ஏதாவது உண்டா என்று கேட்கிறாய். நடுவில் இருப்பது முடிவு எடுக்கத் தெரியாதவனுக்கு. இருநூற்றைம்பதுக்கு என்னிடம் அச்சும் இல்லை, வாங்கவும் மாட்டேன். உதைக்கும் என்கிறாய். துப்பாக்கி உதைக்கத்தான் செய்யும். நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ எதற்கெடுத்தாலும் "கொஞ்சம் லேசா இருக்கா?" என்று கேட்கிறவன். சின்ன வயதில் வைக்கோல் கட்டுத் தூக்கும்போதும் அப்படித்தான்.

என் கூடாரம், என் மலை, குண்டுக்கும் என் எடை. அந்த உருண்டையோடு வருவதாக இருந்தால் வேறு கூடாரம் பார்த்துக்கொள். இன்னொரு மிருகம் எட்டு நாள் அழுகுவதை நான் பார்க்கத் தயாரில்லை.

கோபமாக எழுதியதாக நினைக்காதே. நீ வந்து ஒன்றை வீழ்த்தவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஓரின்


ஸ்டெர்லிங்
ஜூலை 12, 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவர் நலமும் நாடுகிறேன். நாங்கள் நலம்.

குலுக்கலில் பெயர் வந்துவிட்டது. அனுமதிச் சீட்டு நேற்றுத் தபாலில் வந்தது. ஆர்டிஸ் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்த் துணி காயப்போட்டாள். காய்ந்த துணியையும் சேர்த்துக் காயப்போட்டாள். அவளுக்கு நான் இந்த வருடம் போவதில் இஷ்டமில்லை. அடுத்த வருடம் போகலாமே என்கிறாள். அடுத்த வருடம் பெயர் வருமா, வந்தாலும் துப்பாக்கி முனையில் குறிபார்க்க இருக்கிற அந்தச் சின்னப் பித்தளைப் புள்ளி எனக்குத் தெளிவாகத் தெரியுமா, யாருக்குத் தெரியும். வயதாகிறதல்லவா.

சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். ஒன்றுமில்லை.

நானூற்றுப் பத்தில் கொஞ்சம் வார்த்து அனுப்பு. சுட்டுப் பார்க்கிறேன். தோளுக்கு ரப்பர் அணை ஒன்று வைத்துக்கொண்டால் நீ சிரிக்கமாட்டாயே?

தம்பி
ராய்ஸ்


மீக்கர்
ஜூலை 30, 1987

தம்பி ராய்ஸுக்கு,

நலம், நலமறிய அவா.

சீட்டு வந்த செய்தி கேட்டு வெல்மா கைதட்டவில்லை. நான் தட்டினேன். பெண்கள் எப்போதும் அப்படித்தான்.

இத்துடன் இருபது குண்டு அனுப்பியிருக்கிறேன். சுத்த ஈயம், குழாய் வேலைக்காரன் ஒருவனிடம் வாங்கியது. ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்தேன். நானூற்றொன்பதுக்குக் கீழே ஒன்றுமில்லை. குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் தடவியிருக்கிறது, வெயிலில் வைக்காதே. குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்ததா என்று தெரிய, திணிக்கிற கோலில் ஒரு கோடு கிழித்துக்கொள். குழலைக் கீழ்நோக்கிப் பிடித்து நடந்தால் குண்டு முன்னால் நழுவும். இடையில் காற்றை விட்டுச் சுட்டால் குழலே பிளக்கும். அடிக்கடி கோலை விட்டுப் பார்.

ரப்பர் அணையா? வைத்துக்கொள். சட்டைக்குள் வைத்துக்கொள், ஃபெர்ரல் கண்ணில் படாமல்.

பத்துக் குண்டாவது சுட்டுப் பழகு. எங்கே விழுகிறது என்று எழுது.

ஓரின்


ஸ்டெர்லிங்
ஆகஸ்ட் 29, 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

குண்டு வந்தது. சுட்டுப் பார்த்தேன். ஐம்பது கஜத்தில் மூன்றும் ஒரு காபித் தட்டுக்குள் விழுந்தன. நன்றாகத்தான் இருக்கிறது.

கார் பழுதாகிக் கிடக்கிறது. அதனால் செப்டம்பர் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ரைஃபிள் ஊர் நிறுத்தத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொள். அணை கொண்டுவரவில்லை.

ராய்ஸ்


மீக்கர்
செப்டம்பர் 27, 1987

என் தம்பி ராய்ஸுக்கு,

சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். ஆர்டிஸிடம் நீயே எல்லாம் சொல்லியிருப்பாய், இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

கடையில் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நாலாம் நாள் காலை, ஆஸ்பென் மரங்களுக்கு நடுவில் நாம் இருவரும் விழுந்த கட்டைக்குப் பின்னால். நான் பசு எல்க் மாதிரி இரண்டு தடவை கூப்பிட்டேன். அந்தக் காளை சரிவிலிருந்து சீழ்க்கையடித்துக்கொண்டே இறங்கி வந்தது. ஆறு கிளைக் கொம்பு. முப்பத்தைந்து கஜத்தில் வந்து நின்றது. நீ துப்பாக்கிச் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்த சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் வெடி, புகை. புகை விலகியபோது அது இருபது அடி போய் முழங்கால் மடங்கி விழுந்துவிட்டது. ஃபெர்ரல் கேட்டான், "தோள்லயா போட்டான்?" என்று. இல்லையடா, சுத்தமாக விலா என்றேன். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போய்ப் பின்னால் இருந்த மரத்தில் நாலு விரல் ஆழம் இறங்கியிருந்தது. கத்தியால் தோண்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

பார்த்தாயா எடை என்ன செய்யும் என்று? உன் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் அந்த உருண்டையைத்தானே கொண்டுவந்திருப்பாய்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. நீ ஓடிப்போய்ப் பார்க்கவேயில்லை. கட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு, "நீ முன்னால போ, நான் வர்றேன்" என்றாய். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். புகை பட்டது என்றாய். அறுக்கும்போதும் கத்தியைத் தொடவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது படியில் தடுக்கினாய். அசதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் பங்கு இறைச்சி உறைபெட்டியில் இருக்கிறது. எப்போது வருகிறாய்? கடையில் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். இனி யாரும் பட்டாணி என்று சொல்லமாட்டார்கள், நான் பொறுப்பு.

அண்ணன்
ஓரின்


மீக்கர்
அக்டோபர் 18, 1987

தம்பிக்கு,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டாலும் யாரும் எடுப்பதில்லை. ஆர்டிஸ் ஒரு தடவை எடுத்து, "அவர் இங்க இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்கே போயிருக்கிறாய்?

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? காளை விழுந்ததும் நான் சத்தம் போட்டுக் கூத்தாடினேன், உன்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். அது உனக்குப் பிடிக்கவில்லையா? வயதான பிறகு ஒருவன் கொஞ்சம் ஆடக்கூடாதா?

வெல்மா என்னோடு நாலு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. மேசையில் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். மேல் கணவாயில் முதல் பனி விழுந்துவிட்டது.

ஒரு வரியாவது எழுது.

ஓரின்


ஸ்டெர்லிங்
நவம்பர் 3, 1987

மரியாதைக்குரிய மூத்தவர் ஓரின் அவர்களுக்கு,

ராய்ஸின் மனைவி ஆர்டிஸ் எழுதுவது. உங்கள் நலத்தையும் வெல்மாவின் நலத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பிக்கு இடது கண் சிறுவயதிலிருந்தே மங்கல் என்பது உங்களுக்குத் தெரியும். போன பிப்ரவரியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது வலது கண்ணுக்குள் கறுப்புத் திரை மாதிரி ஒன்று இறங்கியது. பஸ்ஸில் முப்பத்தோரு பிள்ளைகள். ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு பிள்ளையையும் பயப்படவிடாமல், வேறு டிரைவர் வரும்வரை அவர்களுக்கு விடுகதை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணின் பின்சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். அறுவை செய்து ஒட்டினார்கள். டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். "ஒரு வருஷம் கனம் தூக்கக் கூடாது, தலை அதிரக் கூடாது. துப்பாக்கியைத் தொடாம இருக்கிறதுதான் நல்லது. தொட்டே ஆகணும்னா தோள்ல யாரோ விரலால தட்டின மாதிரி இருக்கணும், அதுக்கு மேல போனா நான் பொறுப்பில்ல."

அதனால்தான் அவர் உருண்டை, உருண்டை என்று உங்களுக்கு எழுதினார். காரணத்தை எழுதச் சொல்லி நான் மன்றாடினேன். "எழுதினா சிரிப்பான். கண்ணு வலிக்குதாம் பட்டாணிக்குன்னு கடையில சொல்லுவான்" என்றார். ஆகவே அவருக்குத் தெரியாமல் மே மாதக் கடைசியில் வெல்மாவுக்கு எழுதினேன். உங்களிடம் சொல்லச் சொல்லியிருந்தேன். அவள் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஒரு ஓரகத்தி இல்லாமல் போய்விடுவாள்.

நீங்கள் அனுப்பிய இருபதில் அவர் ஒன்றைக்கூட இங்கே சுடவில்லை. காபித் தட்டெல்லாம் பொய். ஒரே ஒரு தடவை தாங்கிவிடும் என்று நினைத்துப் போனார். அந்த ஒரு தடவையில்தான் கண் போயிற்று.

செப்டம்பர் பதினாறாம் தேதி இங்கே பஸ் நிறுத்தத்தில் இறங்கினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். "ஆர்டிஸ், நீ எங்க நிக்கிற?" என்றார்.

அதற்குப் பிறகு நகரத்தில் இரண்டு அறுவை சிகிச்சை. வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, வேறொன்றும் தெரியாது. இனியும் தெரியாது. இடது கண்ணால் வீட்டுக்குள் நடக்கிறார். பட்டறை வேலையும் இல்லை.

உங்கள் செப்டம்பர் கடிதத்தை ஆஸ்பத்திரியில் அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான். விலா என்று எழுதியிருந்தீர்கள், முப்பத்தைந்து கஜம் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கேட்டதும் அதேதானே? ஏப்ரலிலேயே எழுதினாரே, நாற்பது கஜத்துக்குள், பக்கவாட்டில், எலும்பைத் தொடாமல் என்று. அந்த உருண்டையே போதுமாக இருந்ததல்லவா? எனக்குத் துப்பாக்கி தெரியாது. தெரிந்தவர் நீங்கள் சொல்லுங்கள்.

ஆர்டிஸ்


மீக்கர்
நவம்பர் 12, 1987

ராய்ஸுக்கும் ஆர்டிஸுக்கும்,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை.

ஆர்டிஸ் கேட்டதற்கு முதலில் பதில். போதும். அந்த வாட்டத்துக்கு உருண்டை தாராளமாகப் போதும். காளை இன்னும் ஐம்பதடி ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கேட்காததற்குப் பதில். வெல்மா என்னிடம் சொன்னாள். ஆர்டிஸின் கடிதம் வந்த அன்றே, மே இருபத்தெட்டாம் தேதி, பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்குத் தெரியும், ராய்ஸ். ஜூன் கடிதத்தை நான் தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

நான் நம்பவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. துப்பாக்கி உதைத்தால் தோள் வலிக்கும், கண் எப்படிப் போகும் என்று வெல்மாவிடம் சண்டை போட்டேன். மீதிப் பாதியைச் சொல்கிறேன். நீ என்னிடம் சொல்லாமல் பெண்கள் மூலமாக வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. உன் வாயால் கேட்கவேண்டும் என்று இருந்தேன். "அண்ணா, எனக்கு முடியல, லேசானதைக் கொடு" என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று எழுதினேன். நீ ஒன்றுமில்லை என்று எழுதினாய். அன்றைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. செப்டம்பரில் கிளம்புவதற்கு முன் உன் துப்பாக்கிக்கென்று இரண்டு டஜன் உருண்டை வார்த்தேன். அவற்றுக்குச் சுற்றும் துணியும் வெட்டினேன். நாலு நாளும் அது என் கோட்டுப் பையில் இருந்தது. நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது. நீ கேட்டிருந்தால் அந்த நிமிஷமே

இல்லை. இதை அடித்துவிடுகிறேன். நீ கேட்டுவிட்டாய். ஏப்ரலில் கேட்டாய், மேயில் கேட்டாய். இன்னொரு தடவை குனிந்து கேட்கவேண்டும் என்று நான்தான் காத்திருந்தேன்.

கடையில் இன்னும் யாருக்கும் தெரியாது. ஃபெர்ரல் நேற்றும் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். இறைச்சியைக் கொண்டுவருகிறேன். வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்றால் மாதக்கணக்கில் தங்குகிறேன். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓரின்


ஸ்டெர்லிங்
டிசம்பர் 8, 1987

அண்ணன் ஓரினுக்கு,

நான் சொல்ல ஆர்டிஸ் எழுதுகிறாள். நாங்கள் இருக்கிறோம். உன் முதுகு எப்படி இருக்கிறது? அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவள்மேல் எங்களுக்கு ஒன்றுமில்லை.

உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆர்டிஸ் எழுதியது பிறகுதான் தெரிந்தது. ஆனால் ரைஃபிள் நிறுத்தத்தில் என்னை நீ பார்த்த பார்வையிலேயே தெரிந்துகொண்டேன். சோடாப்புட்டி அடிமாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினேன். நீ ஒருவன் புது பெல்ட் போட்டிருந்தால்கூட ஏது, எங்கே வாங்கினாய் என்று கேட்கிறவன். கண்ணாடியைப் பார்த்தாய், ஒன்றும் கேட்காமல் என் பையைத் தூக்கி வண்டியில் போட்டாய். சரி, இவனுக்குத் தெரியும், மலைக்குப் போய்ச் சொல்வான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை கூடார வாசலில் நின்று, "ராய்ஸ்" என்றாய். நான் நிமிர்ந்தேன். "காபி ஆறிப்போச்சு, வேற போடவா?" என்றாய். போடு என்றேன்.

சுட்டது நான்தான். மருந்தை அளந்ததும் நான்தான். அதை உன் தலையில் போடமாட்டேன். அந்தக் காளை தலையைத் திருப்பி நம் பக்கம் பார்த்தது. மூக்கிலிருந்து ஆவி வந்தது. அந்த நிமிஷம் எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. உருண்டை போட்டிருந்தாலும் அதே இடத்தில்தான் விட்டிருப்பேன். அப்புறம் நீ என்னைக் கட்டிப்பிடித்துக் கூத்தாடியபோது எனக்கு உன் முகம் தெரியவில்லை. சிரிக்கிறாய் என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வரவேண்டாம். கோபத்தால் இல்லை என்று எழுதச் சொன்னேன். ஆர்டிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பொய்யை எழுதமாட்டாளாம். சரி, கோபம்தான். இறைச்சியை யாருக்காவது கொடுத்துவிடு. இந்த வீட்டில் அதை அடுப்பில் ஏற்ற முடியாது.

ஒன்று மட்டும் செய். கடைக்குப் போ. ஃபெர்ரல், மற்ற எல்லோரும் இருக்கிற காலை நேரமாகப் பார்த்துப் போ. என் கண்ணைப் பற்றி நீ சொல்லாவிட்டாலும் போகிறது. என் தம்பி லேசான குண்டு கேட்டான், அவன் கேட்டது சரி, தெரிந்தே நான் கொடுக்கவில்லை என்று சொல். ஒன்பது வருடம் சொன்ன அதே குரலில் சொல்.

அதைச் சொன்ன பிறகு எனக்கு எழுது. அதற்கு முன்னால் எழுதினால் ஆர்டிஸ் படிக்கமாட்டாள். என்னால் படிக்க முடியாது.

ராய்ஸ்